முத்தம்மா ஒளித்து வைத்த நோட்டு

நெட்டுக்குப்பத்து முத்தம்மாவுக்கு ஓட்டை வாய். மீன் விற்கும்போதும் அப்படித்தான். யாரும் கேட்பதற்கு முன்பே செவுளைத் தூக்கிக் காட்டிவிடுவாள். வெளுத்திருந்தால், "இது ஐஸ் மீனு, கொழம்புக்குத்தான் ஆவும்" என்று அவளே சொல்லிவிடுவாள். பிழைக்கத் தெரியாதவள் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவள் கூடைதான் முதலில் காலியாகும்.

மகன் கோதண்டம் விஷயத்திலும் அதே வாய்தான். தொண்ணூற்றேழில் படகு கவிழ்ந்தபோது கூடப்போன கூட்டாளி கரை சேரவில்லை. கோதண்டம் சேர்ந்தான், ஆனால் பேச்சு நின்றுபோனது. சோறில்லை, தூக்கமில்லை. மந்திரித்துப் பார்த்தாள், வேப்பிலை அடித்துப் பார்த்தாள், கடைசியில் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அந்தப் பேரை எடுத்தாலே கைகொட்டிச் சிரிக்கிற ஊர் இது. அவளோ ஒன்றரை வருஷம் மாத்திரை கொடுத்துப் பிள்ளையைத் தேற்றிவிட்டு, ஆஸ்பத்திரி நோட்டைக் குப்பம் முழுக்கக் காட்டினாள்.

"எம் புள்ள மாத்திர துன்னு நல்லாயிட்டான். இதுல இன்னா வெக்கம்?"

இரண்டாயிரத்தில் மிலிட்டரிக்கு ஆள் எடுத்தார்கள். இனி கடலுக்குப் போகமாட்டேன் என்றிருந்த கோதண்டம், கரை மணலிலேயே ஓடிப் பழகி ஓட்டத்தில் தேறினான், மார்பளவிலும் தேறினான். டாக்டர் பரிசோதனைதான் பாக்கி. மனநோய்க்கு வைத்தியம் பார்த்ததுண்டா என்று அங்கே கேட்பார்களாம்.

அதைக் கேள்விப்பட்ட அன்றே முத்தம்மா நோட்டை அரிசிப் பானைக்குள் புதைத்தாள். வாயையும் பூட்டிக்கொண்டாள். அடுத்த வீட்டு மலரின் புருஷன் ஒரு மாதமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "அக்கா, கோதண்டத்த எந்த டாக்டராண்ட காட்டுன?" என்று மலர் வந்து நின்றாள்.

"இன்னா டாக்டரு? அவனுக்கு வந்தது வெறும் ஜொரம்" என்று கதவைச் சாத்தினாள் முத்தம்மா. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பரிசோதனைக்குக் கிளம்பிய மகனிடமும் கெஞ்சினாள். "இல்லன்னு சொல்லிடு நைனா. ஒரே ஒரு வார்த்த."

சாயங்காலம் எண்ணூர் ஸ்டேஷனில் போய்க் காத்திருந்தாள். ரயிலிலிருந்து இறங்கியவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கேட்டாங்கம்மா. ஆமான்னேன். வேணாம்னு அனுப்ச்சிட்டாங்க."

"பாவி! இல்லன்னு சொன்னா இன்னாடா?"

"செவுள மூடிக்கினு மீன் வித்த ஆளாம்மா நீ?"

முத்தம்மா வழியெல்லாம் அழுதாள், மிலிட்டரியையும் டாக்டரையும் மாறி மாறித் திட்டினாள். ஓடுகிறான், சாப்பிடுகிறான், தூங்குகிறான், இவனிடம் இன்னும் என்ன குறை கண்டார்கள் என்று அவளுக்கு ஆறவேயில்லை. பக்கத்தில் நடந்த கோதண்டத்துக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பானைக்குள் கைவிட்டு நோட்டை எடுத்தாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு நேரே மலர் வீட்டுக்குப் போனாள்.

"மலரு, அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிக்கோ. இந்தா நோட்டு. காலைல மொத ரயிலுக்கு உன் வூட்டுக்காரர கெளப்பு."

"அவரு யார் கூப்ட்டாலும் எய்ந்துக்க மாட்றாருக்கா."

பின்னாலேயே வந்த கோதண்டம் உள்ளே போனான். அந்த மனிதன் பக்கத்தில், தானும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

"அண்ணா, நானும் இப்டிதான் குந்திகினு இருந்தேன். காலைல என்கூட வா."