மீசை வைத்த க்ராக்கன்

எனக்குச் சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். கடலை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அன்றும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கணுக்கால் நனைந்ததோடு திரும்பிவிட்டேன். அப்படிப்பட்ட ஆளிடம்தான் ஒரு கடல் அரக்கனைச் செய்து தரச் சொன்னார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஃபைபர் பட்டறையில் நான் சூப்பர்வைசர். தண்ணீர்த் தொட்டி, பாத்டப், பூங்காக்களில் வாயைப் பிளந்துகொண்டு குப்பை கேட்கும் முயல், இவைதான் எங்கள் உற்பத்தி. வீடு கட்டுகிறவர்கள் தேடி வருவதால் திருஷ்டி பொம்மை முகமும் போடுவோம். முறைக்கும் கண், முறுக்கிய மீசை, வெளியே தொங்கும் நாக்கு. அதற்கான பெரிய மோல்டு ஒன்று பட்டறை மூலையில் எப்போதும் சாய்ந்து கிடக்கும்.

நான்கு வருடங்களுக்கு முன்பு, கோடை விடுமுறை தொடங்கும் சமயம், பூந்தமல்லிப் பக்கம் பொருட்காட்சி போடும் கான்ட்ராக்டர் ஒருவர் வந்தார். அதற்கு முந்தின வருடம் வரை கண்ணாடித் தொட்டிக்குள் கடல்கன்னியை நீந்த விட்டு ஒப்பேற்றியவர். இப்போது பிள்ளைகள் கடல்கன்னியைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறார்கள், அரக்கன்தான் வேண்டுமாம் என்று அலுத்துக்கொண்டார். போனில் க்ராக்கன் என்ற கடல் அரக்கனின் படம் ஒன்றைக் காட்டினார். எட்டுக் கைகள் ஒரு கப்பலை வளைத்து நொறுக்கிக்கொண்டிருந்தன. முகம் தண்ணீருக்கு அடியில் இருந்தது. முகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன். பயமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இந்தச் செய்தியை வீட்டில் சொன்னதும் மகள் துள்ளி எழுந்தாள். அப்போது நாலாம் வகுப்பு. கடல் அரக்கர்கள் எல்லாம் அவளுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. எந்த நாட்டு ஏரியில் எவனுக்குக் கழுத்து நீளம், எவன் கப்பலை முழுசாக விழுங்குவான், எவன் பாதியாகக் கடிப்பான் என்று உறவுமுறை பிசகாமல் சொல்வாள். எல்லாம் செல்போன் கொடுத்த கல்வி. இந்த அரக்கர்கள் ஏன் எப்போதும் வெளிநாட்டுக் கப்பல்களையே கவிழ்க்கிறார்கள், காசிமேட்டுப் படகுகள் பக்கம் ஏன் தலைகாட்டுவதில்லை என்று கேட்டால் மட்டும் பதில் வராது, முறைப்பு வரும். டிவி ஸ்டாண்டில் அவளுடைய துணி ஆக்டோபஸ் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் சிரித்த முகம், உள்பக்கத்தை வெளியே திருப்பினால் கோப முகம். அவளுக்கு எங்கள்மேல் கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டாள், பொம்மையைத் திருப்பி வைத்துவிடுவாள்.

அவளுடைய துள்ளலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வகுப்பில் அப்பாக்களின் வேலையைக் கேட்டபோது, பாத்டப் செய்கிறார் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அப்போ கக்கூஸும் செய்வாரா என்று யாரோ கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. மற்ற அப்பாக்கள் எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள். இப்போது காட்டுப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடி முழுக்க, எங்க அப்பா க்ராக்கன் செய்கிறார் என்று அறிவித்துவிட்டாள். அவள் மானம் என் கையில் இருந்தது.

அது போதாதென்று படமும் வரைந்து கொடுத்தாள். கண் இரண்டும் பக்கவாட்டில், தட்டு அளவுக்கு. வாய் கைகளுக்கு நடுவே, கிளி மூக்கு மாதிரி. நான் தோசை சாப்பிட்டபடி எல்லாவற்றுக்கும் ம் போட்டேன். அந்தத் தாளை மடித்து ஸ்கூட்டர் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தேன். நான் பத்திரமாக வைத்த பொருள்களின் கதி என் மனைவிக்குத்தான் தெரியும்.

பட்டறையில் மோல்டு போடுவதில் கெட்டிக்காரரான ஒரு மூத்தவர் உண்டு, அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கான்ட்ராக்டர் போனில் அனுப்பிய கப்பல் படத்தைப் பார்த்து அவர் கொஞ்சமும் மிரளவில்லை. இது நம்ம கடம்பா மீன்தானே என்றார். மறுநாள் மாதிரிக்கென்று மார்க்கெட்டிலிருந்து ஒரு கிலோ கணவாய் வாங்கியும் வந்தார். கைகளை ஒவ்வொன்றாக விரித்து, உறிஞ்சுகுழிகளை எண்ணி, அளவெடுத்து, அச்சு அசலாகச் செய்தார். அந்தக் கைகளைப் பார்த்து எனக்கே உடம்பு கூசியது. மதியம் மாதிரியை மிளகு போட்டு வறுத்து எல்லோரும் சாப்பிட்டோம். தலையை முதலிலேயே கழித்துக் கொட்டிவிட்டோம். முகத்தை யாராவது பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அனுப்ப இரண்டு நாள் இருந்தது, முகம் இல்லை. பெரியவர் மூலைக்குப் போய் அந்தத் திருஷ்டி மோல்டை இழுத்து வந்தார்.

"பயமா இர்க்கணும்னா இத வுட இன்னா சார் வோணும்? ஊர் கண்ணே இதப் பாத்து ஓடுது."

அவர்மேல் குற்றமில்லை. சரி என்று தலையாட்டியவன் நான். மகளின் படம் வெளியே நின்ற ஸ்கூட்டரில், முப்பதடி தூரத்தில் இருந்தது. அந்த நேரத்தில் அது என் நினைவுக்கே வரவில்லை.

குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். கைகள் நான்கு பக்கமும் வழிந்து தொங்க, நடுவில் மீசையும் நாக்குமாக அரக்கன் புறப்பட்டான். பின்னால் ஸ்கூட்டரில் போன நான் ஒன்றைப் பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்ற ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கான்ட்ராக்டர் அரக்கனைச் சுற்றிச் சுற்றி வந்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் வைக்க வேண்டாம், வாசலில் வைப்போம், பொருட்காட்சிக்கும் திருஷ்டி கழியும் என்று முடிவு செய்தார். கழுத்தில் ஒரு பூசணிக்காய் தொங்கவிடாததுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளையும் அவள் வகுப்புத் தோழிகள் இருவரையும் கூட்டிப் போனேன். வழியெல்லாம் கையளவும் கண்ணளவும் சொல்லிக்கொண்டு வந்தவள், வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஒரு கைக்குழந்தை அரக்கனின் நாக்கைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அதன் அப்பா படம் எடுத்துக்கொண்டிருந்தார். தோழிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி, "இதுதான் உங்க அப்பா செஞ்சதா?" என்று கேட்டாள்.

"இல்ல. எங்க அப்பா பாத்டப்தான் செய்வார்."

தட்டு அகல டெல்லி அப்பளத்தை வாங்கிக்கொண்டு சரியாக அவர்கள் பின்னால் வந்து நின்றிருந்தேன். சுருக்கென்றது. எந்த வேலையைச் சொல்ல அவள் கூசினாளோ, அந்த வேலைக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டாள். அவ்வளவு மோசமாக வந்திருந்தான் என் அரக்கன்.

அன்றிலிருந்து ஒரு வாரம் துணி ஆக்டோபஸ் கோப முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தோழிகள் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன், அந்த மீசைக்குத்தான் இந்தக் கோபம் என்று நினைத்தேன். அடுத்த மாதம் இன்ஷூரன்ஸ் காகிதம் தேடி ஸ்கூட்டர் பெட்டியைக் குடைந்தபோது மடித்த தாள் கிடைத்தது. தட்டுக் கண், கிளி மூக்கு. கீழே கொட்டை எழுத்தில், அப்பாவுக்கு என்று எழுதியிருந்தாள். வீட்டில் சொல்லவில்லை. வரைந்ததையே அவள் மறந்திருப்பாள், நாமாக ஏன் கிளற வேண்டும் என்று எனக்கு வசதியாக ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். தாளை மறுபடியும் பெட்டிக்குள்ளேயே வைத்தேன்.

பொருட்காட்சி முடிந்ததும் அரக்கனைக் கட்டட மேஸ்திரி ஒருவர் கொண்டுபோனதாகக் கேள்வி. அதோடு மறந்துபோனேன்.

போன மாதம் குத்தம்பாக்கம் பக்கம் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு மகளோடு பஸ்ஸில் போனேன். இப்போது அவள் எட்டாம் வகுப்பு. எனக்கு முன் சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பாதி எழும்பிய ஒரு கட்டடம் வந்தது. அதன் இரண்டாம் மாடியிலிருந்து எட்டுக் கைகள் தொங்கின, நடுவே வெயிலில் வெளுத்துப்போன மீசை. நான் சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தேன். அதில் ஒரு கோளாறும் இல்லை.

அவளுக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள், "இன்னா பாப்பா இது, திருஷ்டி பொம்மைக்கு எட்டு கை கீது?" என்று கேட்டார்.

"அது க்ராக்கன், ஆன்ட்டி. கப்பலையே பிடிச்சு இழுக்கும். எங்க அப்பா செஞ்சது."

நான் நிமிர்ந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கையெல்லாம் கரெக்ட்டா செஞ்சிருக்கார் பாருங்க. மூஞ்சிதான் தப்பு. நான் வரைஞ்சு குடுத்தேன், மடிச்சு வெச்சவர் அப்புறம் பிரிச்சே பாக்கல."