டெவன்போர்ட் படகும் அரைப் போத்தல் தண்ணீரும்

மார்ச் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை மனைவி வதனியோடு, நகரத்துக்குக் கடலின் அக்கரையிலிருக்கும் டெவன்போர்ட்டுக்குப் படகில் போய் வந்தேன். ஊர் பார்க்கப் போகவில்லை. மூன்று வருடத்துக்கு முந்திய ஜனவரி வெள்ளத்தில், மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வாடகை வீட்டுக் கதவுக்கு அடியால் தண்ணீர் வந்து இடுப்பளவு ஏறியது. தனியாக இருந்தவள் மேசையில் ஏறி நின்றாள். அதன்பிறகு மழை என்றால் வெளியே போகமாட்டாள். பக்கத்து த்ரீ கிங்ஸில் பார்த்த கடை வேலையையும் விட்டாள். படகில் போய் வந்துவிட்டால் திங்கட்கிழமை அதே வேலைக்குத் திரும்புவதாக ஒத்துக்கொண்டிருந்தாள்.

நான் உடற்றொழிலியல் படிப்பிக்கிறவன். மணியடித்து நாய்க்கு எச்சில் ஊறவைத்த ரஷ்யரை எல்லோருக்கும் தெரியும். பாதிரியார் மகன், குருமடத்தை விட்டுச் சமிபாட்டை ஆராயப் போனவர். அவருடைய ஆய்வுகூடத்திலும் ஒருமுறை வெள்ளம் புகுந்தது. கூண்டுக்குள் மூக்கை உயர்த்தி நீந்திய நாய்களைக் காப்பாற்றினார்கள். சில நாய்கள் பழகியதையெல்லாம் மறந்துவிட்டன. மனிதர் அவற்றைப் படிப்படியாகத் தேற்றினார். வதனியை நானும் அப்படித்தான் தேற்றினேன்: முதலில் வாளித் தண்ணீர், பிறகு மழைச் சத்தம், பிறகு கடற்கரை. எட்டு மாதம் எடுத்தது.

காலை ஒன்பதரைக்கு பஸ். நகரத்துக்கு எட்டுக் கிலோமீற்றர், நாற்பது நிமிடம். படகு பன்னிரண்டு நிமிடம். ஒரு வழிக்கு ஆளுக்கு ஆறு டொலருக்குச் சற்று மேல். பாவம், அவள் பிடித்த பிடியில் என் கையில் நகம் பதிந்தது. ஆனாலும் போனாள். அங்கே மீனும் சிப்ஸும் சாப்பிட்டோம். இரண்டே காலுக்குத் திரும்பும் படகில் கையை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"திங்கட்கிழமைக்கு அந்தக் கறுப்புச் சப்பாத்து வேணும். எங்க வச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். அந்த ரஷ்யர், தேறிய நாயின் அறைக் கதவுக்கு அடியால் ஒருநாள் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்த்தவர். என் மண்டைக்குள் இருந்த வாத்தியாருக்கும் அதைச் செய்து பார்க்காமல் மனம் ஆறவில்லை. அரைப் போத்தல் தண்ணீரை மெல்லச் சரித்தேன். அது தரையில் ஓடி அவள் காலைத் தொட்டது. வதனி இருக்கையில் ஏறி நின்று கூரையைக் கையால் தடவினாள்.

படகில் வேலை செய்பவர் ஓடிவந்தார். போத்தல் கைதவறிவிட்டது என்றேன்.

"இல்லை. நீங்கள்தான் ஊத்தினீங்கள். நான் பாத்தனான்," என்றாள் வதனி.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். அந்த நாயும் திரும்பக் குலைந்துபோனது. அதை எழுதிய பக்கத்தையும் நான் முன்பே படித்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

போகிறவர்கள் காலைப் படகில் போங்கள், கூட்டம் குறைவு. காற்றுக்கு ஒரு கம்பளிச் சட்டை போதும். பயந்தவரைக் கூட்டிப்போனால் கூட்டிப்போவதோடு நிறுத்துங்கள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. இப்போது அவள் பயப்பட மழைகூடத் தேவையில்லை. நான் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் வந்தாலே, வதனி இரண்டு காலையும் கதிரைக்கு மேலே தூக்கிவிடுகிறாள்.