நற்கருணை வரிசையில் ஒரு ஸ்ரீரங்கத்துக்காரர்

கட்சிக் கூட்டத்துக்கு லாரியில் ஆள் ஏற்றுபவர்களைக் கேலி செய்து நிறைய எழுதியிருக்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில் அதே வேலையை நானும் செய்தேன். வேனில், கோயிலுக்கு.

எங்கள் கிராமத்து மாதா கோயில் நாற்பது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். அந்த நாற்பது பேர்தான் இல்லை. பாதிப்பேர் துபாய், திருப்பூர், நான் திருச்சி பாலக்கரை. புதிதாக வந்த பங்குச் சாமியார், இந்த ஞாயிறும் கூட்டமில்லையென்றால் இனி இங்கே பூசை கிடையாது, இரண்டு பஸ் மாறிப் பங்குக் கோயிலுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

உபதேசியார் போன் செய்தார். அங்கே மணியடிப்பது, செபம் சொல்வது எல்லாம் அவர்தான். பக்கவாதத்தில் விழுந்த மனைவியை ஞாயிறுதோறும் நாற்காலியோடு தூக்கி வருவார்.

"வாரத்துல அந்த ஒரு நாள்தாங்க அவ வெளிய வர்றது. அதுவும் போச்சுன்னா சோத்தையே விட்டுடுவா. படிச்சவங்க நீங்க, எதாவது பண்ணுங்க."

படித்தவன் வேன் பிடித்தேன். அலுவலக நண்பர்கள் பத்துப் பேர். அதில் ஒருவர் ஸ்ரீரங்கத்துக்காரர்.

"சும்மா உக்காண்டிருந்தா போதுமோன்னோ, ஓய்?"

"போதும். எல்லாரும் எழுந்தா எழுந்துக்குங்க."

நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் எழுந்தார்கள். என் நண்பர்களும் எழுந்தார்கள். அது ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்ல மறந்திருந்தேன். தடுக்க ஓடினேன். அதற்குள் ஸ்ரீரங்கத்து நண்பர் சாமியார் முன்னால் போய், வாயைப் பொத்தி, தலை குனிந்து, தலையில் சடாரி வைப்பார்கள் என்று காத்திருந்தார். பெருமாள் சன்னதியில் ஐம்பது வருடப் பழக்கம். சாமியார் கையில் அப்பத்தோடு சற்று நேரம் பார்த்தார். பிறகு மற்றொரு கையை அந்தத் தலையில் வைத்து ஆசீர்வதித்தார். பின்னால் என் வேன் மொத்தமும் வாயைப் பொத்திக் குனிந்தது.

அந்த ஞாயிறோடு எங்கள் கோயிலில் பூசை நின்றுபோனது.

அடுத்த ஞாயிறு மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு நாற்காலி. அதில் முக்காடு போட்டபடி அந்த அம்மா, ஆளில்லாத பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூசை இல்லேன்னு சொன்னா கேக்க மாட்டேங்குறா. மணியடிங்கன்னு அழுதா. அடிச்சேன்" என்றார் உபதேசியார்.

"என்னாலதானே..."

"சேச்சே. அந்த ஸ்ரீரங்கத்து ஐயாவை சாமியாருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வேன்ல வந்தவங்க நமக்கு வேண்டியவங்கன்னு சொன்னேன், நம்பிட்டாரு. பக்கத்துல நின்ன கண்ணாடிக்காரரு யாருன்னு கேட்டாரு. நம்ம கோயில் ஆளுதான்னு உங்களைச் சொன்னேன். அதை மட்டும்தாங்க நம்பலை."