பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம்

ஓட்டலின் அடித்தளத்தில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடுவது அவர் வேலை. அங்கே ஜன்னல் கிடையாது. அதனால் கதவைச் சாத்தவே விடமாட்டார். வீட்டிலும் குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடமாட்டார்; மனைவிதான் வெளியே காவல் நிற்பாள்.

வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்த பயணத்தில் தொற்றிக்கொண்ட பயம் அது. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர், நடுவில் எங்கும் இறங்காமல் பதினைந்து மணி நேரம். கடலுக்கு மேலே எங்கேயோ மூச்சு முட்ட, கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினார். நான்கு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். அதன் பிறகு ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை. இடையில் இறங்கி மாறிப் போகிற வழிகளையும் விசாரித்துப் பார்த்தார். எப்படிப் போனாலும் கதவைச் சாத்தத்தான் செய்வார்கள்.

அம்மா இறந்த செய்தி வந்தபோது மனைவியோடு விமான வாசல்வரை போனார். கால் எழவில்லை.

"நீங்க வீட்டுக்குப் போங்க. அத்தைக்கு நான் இருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவள் போய்ச் சேரும்வரை அவர் கைப்பேசியில் விமானம் போகும் வழியைக் காட்டும் வரைபடத்தில் ஒரு சின்ன விமானப் படம் நகர்வதையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அதற்குப் பிறகு அப்பா அவரோடு பேசவில்லை. மருமகள் பேசினால் பதில் சொல்வார். மகனிடம் போனைக் கொடுத்தால் வைத்துவிடுவார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். பிடித்தால் பிடித்த பிடி.

ஒரு வருஷம் கழித்து அந்த அப்பாவே விமானம் ஏறி வந்து இறங்கினார். பயணம் எப்படி என்று கேட்டதற்கு, டிரைவர் முகத்தையே காட்டாத வண்டி, மற்றபடி குறையில்லை என்றார். சாப்பிட்டுக் கை கழுவியதும் விஷயத்துக்கு வந்தார்.

"உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காரு. அம்மா படுத்திருக்கிற இடத்தைப் பாத்துட்டு வந்துடலாம்."

அவர் சம்மதித்தார். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். இந்த முறை வாசலைத் தாண்டி இருக்கைவரை போய்விட்டார். அப்பா இடுப்புப் பட்டையை மாட்டிவிட்டு, அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்பாவின் உள்ளங்கை காய்ப்பேறிக் கரடுமுரடாக இருந்தது. இதையே நினைத்துக்கொண்டிருந்தால் போய்விடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

பணிப்பெண் கதவருகே போனாள். அவர் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. பட்டையைக் கழற்றவும் விரல் வரவில்லை. அப்பா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தானே பட்டையைக் கழற்றிவிட்டார்.

"எறங்குடா."

"அப்பா..."

"கோவம் இல்ல. இவ்வளவு நாளா நீ வர மாட்டேங்கறேன்னு நெனச்சேன். உன்னால முடியலன்னு இப்பத்தான் தெரியுது."

அவர் இறங்கினார். அப்பா தனியாகப் போனார். போய்ச் சேர்ந்ததும் மகனுக்குத்தான் முதலில் போன் செய்தார்.

அடுத்த வருஷமும் அப்பாவே வந்தார். அதற்கடுத்த வருஷம் இதயம் தாங்காது என்று சொல்லி மருத்துவர் அவரை விமானம் ஏற விடவில்லை. இப்போது இருவரும் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள். எப்போது வருகிறாய் என்று அப்பாவும் கேட்பதில்லை, எப்போது வருவீர்கள் என்று மகனும் கேட்பதில்லை.