கரிசலுக்குள் இறக்கிய வேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோவம் சட்டென்று வரும். ஆசை அதைவிடச் சட்டென்று வரும். பழைய வேன் ஒன்றில் மெத்தை விரித்து, நானே ஓட்டிக்கொண்டு போய், ஆள் அரவமில்லாத வெட்டவெளியில் நிறுத்தி, அங்கேயே ஆக்கித் தின்று அங்கேயே படுத்து எழும்ப வேண்டும் என்று ஆசை வந்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வேன் எங்கள் கடையுடையது. கோவில்பட்டியில் என் வீட்டுக்காரர் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். பெயின்ட், முள்கம்பி, ஆணி, குழாய் எல்லாம் உண்டு. கயத்தாறு, ஓட்டப்பிடாரம் என்று சரக்குக் கொண்டுபோய்ப் போட்டது அந்த வேன்தான். டிரைவர் நின்றுபோன வருசம் நானே லைசென்ஸ் எடுத்து ஓட்டினேன். பர்தா போட்ட ஒரு பொம்பளை பெயின்ட் டப்பா இறக்குகிறாளே என்று கயத்தாற்றுக் கடைவீதியே நின்று பார்த்தது. கண்ணு இருக்கு, பார்க்கட்டுமே. பிறகு கடைக்குப் புதுசாகச் சரக்கு ஆட்டோ வந்தது. வேனை விற்றுவிடலாம் என்று இவர் ஆரம்பித்தார். நான் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஒரு மாசம் அதற்குள்ளேயே கிடந்தேன். பின்சீட்டைக் கழற்றி, கடையில் மிச்சம் கிடந்த பிளைவுட்டை அடித்துப் படுக்கை போட்டேன். ஜன்னலுக்கு வலை, ஒற்றை அடுப்பு, தண்ணீர் கேன், டம்ளர் வைக்க ஒரு பலகை. டர்பன்டைன் வாசம் மட்டும் போகவே மாட்டேன் என்றது. போகாவிட்டால் கிட என்று விட்டுவிட்டேன்.

'அப்படி என்னதான் இருக்கு அதுல?' என்று கேட்காத ஆள் இல்லை. என் லாத்தா, "கூடப் பொறந்தவ சொல்லுதேன், வீடு வாசல் இல்லாதவளாட்டி நீ? காட்டுல போயிப் படுக்கதுக்கு இந்தப் பாடா?" என்றாள். கேட்கிற எல்லாருக்கும் அடுத்த கேள்வி கக்கூஸ்தான். மூடி போட்ட வாளி, நாலு கம்பு, சுற்றிக் கட்ட ஒரு தார்ப்பாய். போதுமா? நான் பிறந்தது ஒரு தெரு, வாழ்க்கைப்பட்டது அதற்கு அடுத்த தெரு. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். மாடிக்குப் போனால் சுற்றிலும் தண்ணீர்த் தொட்டி. லாட்ஜில் ரூம் போட்டாலும் அதே நாலு சுவர்தான். கதவைத் திறந்தால் கண்ணு போய் முட்ட ஒன்றும் இருக்கக் கூடாது. அது என் கதவாக இருக்க வேண்டும். எங்கே திறப்பது என்று நான் முடிவு செய்ய வேண்டும். இவ்வளவுதான் கேட்டேன். இதில் கோட்டித்தனம், பைத்தியக்காரத்தனம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்!

அந்த நேரம் பார்த்துக் கயத்தாற்றிலிருந்து ஒருத்தர் வேனைக் கேட்டு வந்தார். ஹைவேயில் நிறுத்தி லாரிக்காரர்களுக்கு டீயும் வடையும் விற்க அவருக்கு வண்டி வேண்டுமாம். திங்கட்கிழமை காலையில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அழவில்லை, சண்டை போட்டேன். மூன்று நாள் வீட்டில் ஒரே சத்தம். கடைசியில் இவர்தான் இறங்கி வந்தார்.

"சரிட்டி. சனிக்கெழம ஒரு ராத்திரி நானும் வாரேன். எனக்குப் பிடிச்சிருந்தா வண்டி ஒனக்கு. பிடிக்கலன்னா கயத்தாத்துக்காரருக்கு. பெறகு அதப் பத்திப் பேச்சே இருக்கக் கூடாது."

"பிடிச்சிருக்குன்னு ஒங்க வாயால சொல்லணும் மச்சான்."

"சொல்லுதேன், சொல்லுதேன். பிடிச்சா."

கிளம்பும்போதே எனக்குப் பாதி உசுர் போய்விட்டது. காரணம் ஒரு தலையணை. இவருக்கு இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று உண்டு. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், உறை மாறும், பஞ்சு மாறும், தலையணை மாறாது. சென்னையில் மகள் வீட்டுக்குப் போனாலும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் ரயில் ஏறுவார். அது இல்லாமல் பொட்டுத் தூக்கம் வராது. சனிக்கிழமை மத்தியானம் நான் அதைக் கொண்டுவந்து வேனில் வைத்தேன். இவர் எடுத்துக்கொண்டுபோய்க் கட்டிலில் போட்டுவிட்டு வந்தார்.

"ஒரு ராத்திரிக்கு எதுக்கு? அங்கன கெடக்கட்டும்."

பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டுத்தான் மனுசன் வண்டியில் ஏறுகிறார் என்று தெரிந்துபோனது. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

போன இடம் ஓட்டப்பிடாரம் ரோட்டிலிருந்து மண்பாதையில் பிரிகிற ஒரு காடு. எங்கள் பக்கம் மழையை நம்பி விதைக்கிற நிலத்துக்குக் காடு என்றுதான் பேர். காட்டுக்காரர் எங்கள் கடையில் முள்கம்பி வாங்குகிறவர். கேட்டதுமே, "சும்மாதான கெடக்கு, தாராளமாத் தங்குங்க. பாதையிலயே நிறுத்திக்கிடுங்க அக்கா, உள்ள எறக்கிராதீங்க" என்றார்.

நான் கேட்டேனா? பாதையில் நின்றால் ஒரு பக்கம் சீமைக்கருவேலம் மறைத்தது. உள்ளே நூறடி தள்ளி ஒற்றை வேப்பமரம், அதற்கு அங்கிட்டு வானம், வானம், வானம்தான். புரட்டாசி பாதி ஆகியும் ஒரு சொட்டு மழை இல்லை. கரிசல் வெடித்து, வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போயிற்று. மண்ணா அது, கல்லு! இதில் என்ன பதியப் போகிறது என்று வேனை இறக்கி வேப்பமரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். பின்கதவைத் தூக்கினேன். யா அல்லாஹ்! அடிவானம் வரைக்கும் கறுப்பு, அதற்கு மேலே சாயந்தர வெயில். சின்னப்பிள்ளை மாதிரி கையைத் தட்டினேன். இவர் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஃபேன் இல்லையே" என்றார்.

ஐந்து மணி வாக்கில் மேற்கே கறுத்தது.

"ஏங்க, மேகம் கூடுது. வண்டியத் தார்ரோட்டுக்கு ஏத்திருவமா?"

இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முந்தின வாரம் வெள்ளிக்கிழமைதான் எங்கள் ஜமாத்து ஆம்பளைகள் எல்லாரும் மைதானத்தில் கூடி மழைத் தொழுகை தொழுதிருந்தார்கள். தோள்துண்டைத் திருப்பிப் போட்டு, கையை உயர ஏந்தி, கண்ணீர் விட்டுக் கேட்டுவிட்டு வந்தவர் இவர்.

"ஏட்டி, போன வாரம் மழயக் கேட்டுட்டு வந்தவன் நான். இன்னைக்கு மேகத்தப் பாத்ததும் வண்டியத் தூக்கிட்டு ஓடுனா என்ன அர்த்தம்? கேட்டது சும்மாவா?"

"வந்தா மாட்டிக்கிடுவோமே."

"வந்தான்னு சொல்லாத. வரும்."

நானும் அதற்குமேல் பேசவில்லை. எங்கள் ஊர்ப் புத்தி அப்படி. மேகம் கூடினால் குடையை எடுக்க மாட்டோம், குடையைக் கண்டால் மழை போய்விடும் என்பார்கள். காயப்போட்ட வத்தலைக்கூட முதல் சொட்டு விழுந்த பிறகுதான் அள்ளுவோம். முன்னாடியே அள்ளினால் வருகிற மழையைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி. வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சாவி என் கையில்தான் இருந்தது, வண்டியை எடுக்க எனக்கும் மனசு வரவில்லை.

வந்ததே பாருங்கள் மழை! முதலில் வாசம், பிறகு காற்று, பிறகு சோவென்று ஒரு சத்தம் காட்டைத் தாண்டி எங்களைப் பார்த்து ஓடி வந்தது. வெடிப்பெல்லாம் மடக் மடக்கென்று குடித்தது. இவர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே இறங்கி, "அல்ஹம்துலில்லாஹ்! அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தினார். ஐம்பத்தைந்து வயசு ஆள், தும்மல் வந்தாலே மாத்திரை தேடுகிறவர்! நானும் இறங்கினேன். ரெண்டு பேரும் தொப்பலாக நனைந்து சிரித்தோம், காரணமே இல்லாமல் சிரித்தோம். பிறகு உள்ளே ஏறி, தகரக் கூரையில் மழை கொட்டக் கொட்ட, கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டு கடுஞ்சாயா குடித்தோம். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஆனால் படுத்த பிறகு இவர் புரண்டார். மடித்த போர்வையைத் தலைக்கு வைத்துப் பார்த்தார், கையை வைத்துப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். காலையில் கண் ரெண்டும் மிளகாய்ப் பழம்.

நான் முதலில் வண்டியைத்தான் கிளப்பினேன். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, களியில் கரண்டி இறங்குகிற மாதிரி இறங்கியது. ஆக்ஸில் வரைக்கும் போய்விட்டது.

"நகத்த வேண்டாம்னது யாரு?" என்றேன்.

"காட்டுக்குள்ள எறக்குனது யாரு?" என்றார்.

அதற்குள் காட்டுக்காரர் வந்துவிட்டார். ரெண்டு காலிலும் ரெண்டு மண்மூட்டை, முகம் முழுக்கப் பல். "ஏ பாய்! ஒங்க துஆ பலிச்சிருச்சே!" என்று இவரைக் கட்டிக்கொண்டார். பிறகுதான் வேனைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாதையில நிறுத்தச் சொன்னேம்லா அக்கா!"

"டிராக்டர் வச்சு இழுத்துருங்களேன் தம்பி."

"டிராக்டரும் சேந்து இங்கனதான் கெடக்கும். ரெண்டு நாள் வெயில் அடிக்கட்டும், மண்ணு தானா விட்டுரும். நான் உழுகதுக்கும் அதே பதந்தான் வேணும். பயப்படாதீங்க, எங்க வீடு கூப்பிடு தூரம்."

இவர் செருப்பைக் கையில் எடுத்தார். "நான் பஸ்ஸப் பிடிச்சு வீட்டுக்குப் போறேன். நீ வாரியா?"

"வண்டிய விட்டுட்டு வர மாட்டேன்."

"ஒன் இஷ்டம்."

"கயத்தாத்துக்காரர் நாளைக்கு வருவாருல்லா?" என்று அவர் முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

"வருவாரு," என்றார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சவத்தத் தள்ளு, போனால் போகட்டும் என்று வாய்விட்டுக் கத்தினேன். கேட்க ஒரு மயில்தான் இருந்தது. இது என் வண்டிக்குக் கடைசி நாள். கடைசி நாள் என்றால் ஒரு நிமிசத்தையும் வீணாக்கக் கூடாது. உப்புமா கிண்டினேன். ஈரத் துணிகளை வேப்பங்கிளையில் காயப்போட்டேன். எங்கிருந்துதான் வந்தனவோ, சிவப்பு வெல்வெட் மாதிரி பட்டுப்பூச்சிகள் மண்மேல் ஊர்ந்தன, ஒன்றை உள்ளங்கையில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றுப் பார்த்த வெடிப்புகள் ஒன்றுகூட இல்லை. மத்தியானம் காட்டுக்காரர் வீட்டிலிருந்து கம்மங்கூழும் மோர்மிளகாயும் வந்தது. கால் ரெண்டையும் வெளியே தொங்கப்போட்டு, வானத்தைப் பார்த்தபடி குடித்தேன். சந்தோசமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அழுதேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

சாயந்தரம் தூரத்துத் தார்ரோட்டில் பஸ் நின்று போனது. ஓர் ஆள் இறங்கிப் பாதையில் வந்தார். பாதை முடிந்ததும் செருப்பைக் கழற்றிக் காட்டுக்குள் இறங்கினார். ஓரடி வைப்பார், காலை உதறுவார், அடுத்த அடி வைப்பார். தலைமேல் வெள்ளையாக ஒரு மூட்டை. நான் எழும்பி நின்றேன்.

கிட்டே வந்ததும்தான் தெரிந்தது. கடைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிய இலவம்பஞ்சுத் தலையணை.

"என்ன மச்சான் இது?"

"பாத்தாத் தெரியல?" மூச்சு வாங்கியது. காலைக் கழுவிவிட்டு ஏறி, ஜன்னல் பக்கம், என்னுடைய இடத்தில், தலையணையைப் போட்டு ஒரு தட்டுத் தட்டினார். "மத்தியானம் வீட்டுல படுத்தேன். ஃபேன் சத்தம் தாங்கல."

"கயத்தாத்துக்காரர்?"

"போன் போட்டுட்டேன். வண்டி காட்டுல வேர் விட்டுருச்சு, வேற பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டேன்."

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. குதித்தேன். வேன் ஆடியது. "அப்பப் பிடிச்சிருக்குன்னு வாயால சொல்லுங்க!"

"சொன்னா ஒனக்குத் தலையில கொம்பு மொளச்சிரும். சாயாவப் போடு."

செவ்வாய்க்கிழமை மண் விட்டது. நாலு பேர் தள்ள, வேன் ஒரு துள்ளுத் துள்ளி மேலே ஏறியது. வீட்டுக்கு வந்து எல்லாச் சாமானையும் இறக்கினேன், தலையணையை மட்டும் மறந்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி இவர் கட்டிலில் புரண்டுகொண்டே இருந்தார். போர்வையை மடித்துத் தலைக்கு வைத்தார், அதுவும் சரிப்படவில்லை.

"வண்டியிலதான் கெடக்கு. எடுத்துட்டு வரட்டுமா?" என்றேன்.

மடித்த போர்வையை ஒரு தட்டுத் தட்டித் தலைக்கு அடியில் தள்ளிக்கொண்டார்.

"வேண்டாம். அங்கன கெடக்கட்டும்."