அதலைக்காய் மாதங்கள்

தம்பி தோள்துண்டில் முடிந்து கொண்டுவரும் அதலைக்காயில் கரிசல் மண் ஒட்டியிருக்கும். யாரும் விதைக்காத கொடி அது. ஐப்பசி மழை இறங்கியதும், மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கு தானாகத் துளிர்த்து, பருத்திச் செடிகளுக்கிடையே படர்ந்து, வெளுத்த சின்னப் பூ விடும். சுண்டுவிரல் நீளம்கூட இராத காய், பாகலைப்போலக் கசக்கும். பறித்து இரண்டு நாள் வைத்தால் வெடித்துவிடும். அதனால் பந்தல்குடியில் பஞ்சர் கடை வைத்திருந்தவன், பறித்த கையோடு பஸ் ஏறி அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்கு வந்துவிடுவான்.

அவனுக்குச் சர்க்கரை நோய். அதலைக்காய் கிடைக்கும் இரண்டு மாதமும் மாத்திரையை நிறுத்திவிடுவான். காய் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக்கை.

"மாத்திரைக்கு லீவு விட்டாச்சுக்கா."

"லீவு மாத்திரைக்கா, ஒனக்கா? கடையப் பூட்டிட்டு வந்து உக்காந்திருக்க."

சின்ன வெங்காயம் போட்டு, நல்லெண்ணெயில் சுருள வதக்கி, தேங்காய் தூவி வைத்தால் சட்டியை வழித்துவிட்டுத்தான் எழுவான்.

போன வருடம் காய் பறிக்கையில் காலில் கருவேல முள் ஏறியது. மரத்துப்போன கால், அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுவாசலில் செருப்பைக் கழற்றியபோது நான்தான் புண்ணைப் பார்த்தேன். அன்று அவன் சிரிக்கவில்லை. "மாத்திரையப் போட்டுக்கிடவாக்கா?" என்று கேட்டான். "காய் இருக்கையில அது எதுக்குடா? மஞ்சள அரைச்சுப் போடு" என்றேன். பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். மதுரை ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு காலை. தை பிறக்குமுன் அவனே போய்விட்டான். அவன் கேட்டதையும் நான் சொன்னதையும் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த ஐப்பசியில் என் மகனுக்கும் சர்க்கரை என்று தெரிந்தது. இருபத்தாறு வயது, சென்னையில் வேலை. தீபாவளிக்கு வந்தவன் மார்க்கெட்டிலிருந்து அதலைக்காய் வாங்கிவந்தான்.

"இது இருக்குற வரைக்கும் மாத்திரை வேண்டாம்மா. மாமா அப்படித்தான செய்வாக? முள்ளு மட்டும் குத்தலைன்னா அவுக நல்லாத்தான இருந்திருப்பாக."

வீட்டில் எல்லாரும் முள்ளைத்தான் குற்றம் சொல்கிறார்கள். நானும் அப்படியே விட்டுவைத்திருந்தேன்.

"முள்ளு இல்லடா" என்றேன். "மாத்திரை போடவான்னு கேட்டான். நான்தான் வேண்டாம்னேன்."

மகன் எழுந்துபோய், தண்ணீர் மொண்டு, மாத்திரையை விழுங்கினான். காய் அப்படியே கிடந்து, மறுநாள் வெடித்தது.

சென்னை திரும்பியதிலிருந்து அவன் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. காலையில் மட்டும் போனில் ஒற்றைச் சொல் வருகிறது: "போட்டாச்சு." அது வரும்வரை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதில்லை.