வைகாசிக்கு வந்த படபடப்பு

எங்கள் அந்தமான் தீவில் ‘ரெஃபர்’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே முடியாத வைத்தியத்துக்கு மெயின்லேண்ட் போகச் சொல்லி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுப்பார்கள். எழுதிவிட்டால் லீவும் உண்டு, பயணத்துக்கு டிக்கெட்டும் எப்படியாவது கிடைத்துவிடும். அதனால், தமிழ்நாட்டில் கல்யாண மாதம் பிறந்தால் எங்கள் ஊரான ரங்கத்தில் யாருக்காவது முதுகுவலி வரும் என்று எங்கள் அலுவலகத்தில் கேலி பேசுவோம். அதிகம் பேசுவது நான்தான். எனக்கு வாய் நீளம்.

இந்த வைகாசியில் என் தங்கை மகளுக்குக் காரைக்குடியில் கல்யாணம். அவள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் நான். சித்திரை பிறந்ததுமே லீவு கேட்டேன். ஆடிட் வருகிறது, கிடையாது என்றுவிட்டார் அதிகாரி. கப்பலிலும் இடமில்லை. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு சீட்டுக்குத் திரும்பியதை அலுவலகமே பார்த்தது.

அதற்கு அடுத்த வாரம்தான் நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது.

முதல் முறை, அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஓடவில்லை, எதையும் கண்டு பயப்படவுமில்லை. திடீரென்று நெஞ்சுக்குள் தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. கழுத்து வரை துடித்தது. பாத்திரத்தை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். கொஞ்ச நேரத்தில், வந்த மாதிரியே சட்டென்று நின்றுபோனது. பிறகு அலுவலகத்தில் வந்தது, பஸ்ஸில் வந்தது. ஒருமுறை கண் இருட்டி, பைல் அலமாரியைப் பிடித்துக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. பயம் இருந்தது, ஆனால் வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. லீவு இல்லை என்றதும் மேடத்துக்கு ஹார்ட் வந்துவிட்டது என்பார்கள். வேறொருத்திக்கு வந்திருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஒருநாள் துணிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓ.பி. சீட்டு வரிசையில் அலுவலக டிரைவரின் மனைவி நின்றிருந்தாள். என்ன உடம்புக்கு என்று கேட்டாள். யாரையோ பார்க்க வந்தேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். போகிற வழியெல்லாம் என் மேலேயே எனக்குச் சந்தேகம். ஆசைதான் நெஞ்சில் ஏறிக்கொண்டு இப்படி ஆட்டுகிறதோ என்னவோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் சூரை விலை கேட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி வந்தது. இந்த முறை நிற்கவில்லை. மூச்சு முட்டியது. ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மீன் வெட்டுகிற பெங்காலிக்காரர் கத்தியைப் போட்டுவிட்டு, “க்யா ஹுவா தீதி?”, என்ன ஆச்சு அக்கா என்று இந்தியில் கேட்டு முகத்தில் தண்ணீர் தெளித்தார். பக்கத்துத் தெருவில்தான் என் கணவரின் ஹார்டுவேர் கடை. யாரோ சொல்லி ஓடிவந்தார். ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று அப்போதும் சொன்னேன். முதல் தடவையாக அவர் என் பேச்சைக் கேட்கவில்லை.

துடிப்பு அடங்குவதற்குள் போய்ச் சேர்ந்ததால் இசிஜியில் அது அகப்பட்டது. இளவயது டாக்டர், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். ஊசியில்லாத சிரிஞ்சைக் கொடுத்து ஊதச் சொன்னார். கன்னம் உப்ப ஊதினேன். உடனே என்னைப் படுக்க வைத்து இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தார்கள். புடவையெல்லாம் மீன் வாடை. மானம் போகிறதே என்று கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாம் தடவை ஊதியதில் துடிப்பு நின்றது.

எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். ஒரு மாதமாக என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“படபடப்பு எல்லாருக்கும்தான் வரும் ஆன்ட்டி. மாடி ஏறினா வரும், ராத்திரி தூங்கலன்னா வரும், டீ கூடக் குடிச்சா வரும். செத்த உக்காந்தா அடங்கிரும். சும்மா இருக்கும்போது திடீர்னு வந்து, கண்ணு இருட்டுது, மூச்சு முட்டுது, நெஞ்சு வலிக்குதுன்னா காத்திருக்கவே கூடாது. துடிக்கும்போதே ஓடி வரணும்.”

இதயத்தில் மின்சாரம் ஓடுகிற பாதையில் ஒரு குறுக்குவழி இருக்கலாம், இங்கே அதற்கு வைத்தியம் இல்லை, போர்ட் பிளேரில் ஒரு தடவை காட்டிவிட்டால் சென்னைக்கு ரெஃபர் செய்வார்கள், அநேகமாக அடுத்த வாரமே என்றார்.

ரெஃபர் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம். கல்யாணத்துக்குப் போகலாம். மனது அதற்குள் பீரோவைத் திறந்து அரக்குப் பட்டை எடுத்துவிட்டது. ரவிக்கையின் பக்கத்தையலைப் பிரிக்க வேண்டும் என்பது வரை போய்விட்டது.

என் கணவர் கால்மாட்டில் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டர் போனதும், எனக்குத் தெம்பு சொல்ல நினைத்து மெதுவாகப் பேசினார்.

“பயப்படாதம்மா. அப்படியே பாப்பா கல்யாணத்தையும் பாத்துட்டு வந்துரலாம்.”

“நான் சாகக் கெடக்கேன், ஒங்களுக்குக் கல்யாணம் கேக்குதா?”

அவர் அப்படியே சுருங்கிப்போனார். தப்புதான் என்றார். செருப்பைக் கட்டிலடியில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

சென்னையில் தொடை வழியாகக் கம்பி விட்டுச் சரிசெய்தார்கள். நாலைந்து நாள் கழித்து டாக்டரிடம் கேட்டுக்கொண்டு காரைக்குடிக்குப் போனோம். மண்டபத்தில் உறவுக்காரர்கள் நலம் விசாரிக்க வந்தபோதெல்லாம் என் கணவர்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

“இவளுக்கு வரவே மனசில்ல. அந்த நெலமையில கல்யாணப் பேச்ச எடுத்தேன்னு என்னைய என்னா ஏச்சு ஏசுனா தெரியுமா. நாந்தான் கட்டாயப்படுத்திக் கூட்டியாந்தேன்.”

அப்படிச் சொல்வதில் அவருக்கு அவ்வளவு பெருமை. நான் பக்கத்தில் அரக்குப் பட்டில், தையல் பிரித்த ரவிக்கையில், தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன்.